எஸ்.எஸ். குழாயில் டிக் வெல்டிங்: உள்பக்கம் கரியாமல் ஒட்டுவது எப்படி?

டங்ஸ்டன் கம்பி முனையில் ஆர்க் (மின்பொறி) எழுப்பி, ஆர்கான் வாயுவின் காப்பில் உலோகத்தை உருக்கி ஒட்டுவதுதான் டிக் வெல்டிங். வெளியே பளபளக்கும் ஒட்டு உள்ளே கரிந்திருக்கலாம். உருகிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பின்புறம் காற்று பட்டால் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, சர்க்கரை ஒட்டியதுபோலப் பொரிந்துவிடும். பிற்பாடு துருவும் விரிசலும் தொடங்குவது அங்கேதான். தடுக்க நம்பகமான வழி, குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரப்புவது.

304 வகை, 38 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. கனமுள்ள குழாயை வைத்துப் பார்ப்போம்.

முதலில் முனைகளை நேராக அறுத்துப் பிசிறு எடுங்கள். இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். சந்து இருந்தால் விளிம்பு உருகி ஓட்டை விழும். உள்ளும் புறமும் அசிட்டோனால் துடையுங்கள். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம்: குளோரின் கலந்தது என்றால் ஆர்க் பட்டதும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். இரும்பில் தேய்த்த பிரஷும் கூடாது.

அடுத்து மெஷின். டிசி, டார்ச் நெகட்டிவில். 1.6 மி.மீ. லாந்தனம் கலந்த டங்ஸ்டன் கம்பியை நீளவாக்கில் கூராக்குங்கள். ஃபில்லர் (ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) 308எல், 1.6 மி.மீ. கரண்ட் 45–55 ஆம்பியர், டார்ச்சுக்கு ஆர்கான் நிமிடத்துக்கு 8 லிட்டர், அணைத்தபின் 8 நொடி வாயு வரட்டும்.

இனி பர்ஜ், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை ஆர்கானால் வெளியேற்றுவது. இரு முனைகளையும் இணைப்பையும் அலுமினிய டேப்பால் மூடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம். அதனால் கீழ்முனையில் செலுத்தி, மேல்முனை டேப்பில் 3 மி.மீ. துளை விடுங்கள். ஒரு மீட்டர் குழாயில் சுமார் ஒரு லிட்டர் காற்றுதான் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 2 நிமிடம் விட்டால் பத்து மடங்கு வாயு கடந்துவிடும். பிறகு 3 லிட்டருக்குக் குறையுங்கள். துளை அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி, கடைசி அங்குலத்தில் உருகிய உலோகத்தை வெளியே ஊதித் தள்ளும். பலர் கரண்டைக் குறை சொல்வது இந்தத் தவறுக்குத்தான்.

பர்ஜ் ஓடும்போதே அந்தந்த இடத்து டேப்பை உரித்து, எதிரெதிராக நான்கு டாக் (பிடித்துவைக்கும் சிறு ஒட்டு) போடுங்கள். பிறகு ஒட்டும் பகுதியின் டேப்பை மட்டும் உரித்து, கால் வட்டம் கால் வட்டமாக ஒட்டுங்கள். ஆர்க் நீளம் 2 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, ஃபில்லர் நுனி வாயுவைவிட்டு வெளியே வந்தால் கருத்துவிடும். முடிக்கும்போது கரண்டை மெல்லக் குறைத்து, வாயு நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே பிடியுங்கள். பர்ஜை நிறுத்துவது குழாய் ஆறியபின்.

ஒட்டின் நிறத்தைப் பாருங்கள்: பொன்னிறம் நன்று, இளநீலம் பரவாயில்லை, சாம்பல் நிறம் என்றால் சூடு மிஞ்சிவிட்டது, வேகமாக நகருங்கள்.

புகையில் ஆறுமதிப்புக் குரோமியம் என்ற நச்சு இருக்கும். புகை உறிஞ்சியோ தகுந்த முகமூடியோ தேவை. மூடிய அறையில் ஆர்கான் தேங்கினால் மூச்சு முட்டும். கதவைத் திறந்து வையுங்கள், ஆனால் ஒட்டின்மேல் காற்று வீசக்கூடாது.

முதல் துண்டை நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்கள். கறுப்புப் பொருக்கு தெரிந்தால் டேப் ஓரங்களில் கசிவைத் தேடுங்கள்.