லேடெக் கிளாஸ் எழுதும்போது ஆப்ஷன்களை எப்படிக் கையாள்வது

லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில், ஆவணத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புதான் கிளாஸ். சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதும்போது, பயனரிடமிருந்து வருகிற ஒவ்வொரு ஆப்ஷனும் (எழுத்தளவு போன்ற விருப்பம்) யாருக்கானது என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள். உங்கள் கிளாஸுக்கா, அதற்கு அடித்தளமாக நீங்கள் ஏற்றும் ஆர்ட்டிகிள் என்ற கிளாஸுக்கா, இல்லை கூடுதல் வசதி தரும் ஏதாவது பேக்கேஜுக்கா? குழப்பங்களில் பெரும்பாலானவை இதை யோசிக்காமல் விடுவதால்தான் வருகின்றன.

வரிசை இதுதான். தேவையான லேடெக்கைச் சொல்லும் நீட்ஸ்டெக்ஃபார்மட், கிளாஸின் பெயரைச் சொல்லும் ப்ரொவைட்ஸ்கிளாஸ் என்ற கட்டளைகள் இரண்டும் மேலே, அடுத்து ஆப்ஷன்களை அறிவிக்கும் டிக்ளேர்ஆப்ஷன் வரிகள், பிறகு வந்த ஆப்ஷன்களை இயக்கும் பிராசஸ்ஆப்ஷன்ஸ், அதற்கப்புறம்தான் ஆர்ட்டிகிளை ஏற்றும் லோட்கிளாஸ். அறிவிக்காத ஆப்ஷன்களைப் பிடிக்க, நட்சத்திரம் (*) போட்ட டிக்ளேர்ஆப்ஷன் ஒன்றும் வேண்டும். நீங்கள் அறிவிக்காத ஆப்ஷன் எது வந்தாலும் அதன் பெயர் கரன்ட்ஆப்ஷன் என்ற மேக்ரோவில் (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் கட்டளை) இருக்கும், அதை பாஸ்ஆப்ஷன்ஸ்டுகிளாஸ் மூலம் ஆர்ட்டிகிளுக்கு அனுப்பிவிடலாம். அது ஆர்ட்டிகிளுக்கும் தெரியாத பெயராக இருந்து, எந்தப் பேக்கேஜும் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்றால், லேடெக் ஓடும்போது எழுதும் லாக் கோப்பில் எச்சரிக்கை வரும், அதனால் பயனரின் எழுத்துப்பிழை மறைந்துபோகாது.

எழுத்தளவில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஆய்வேட்டுக்கான கிளாஸ், இயல்பாக 12 பாயின்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லோட்கிளாஸுக்கு நேராக 12 பாயின்ட் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் தோன்றும், ஆனால் பயனர் 11 கேட்டு அதுவும் ஆர்ட்டிகிளுக்குப் போகும்போது ஜெயிப்பது 12தான், ஏனென்றால் நட்சத்திரம் இல்லாத பிராசஸ்ஆப்ஷன்ஸ் பயனர் எழுதிய வரிசையைப் பார்ப்பதில்லை, கிளாஸில் அறிவித்த வரிசைப்படி ஓடுகிறது, ஆர்ட்டிகிளில் 12 கடைசியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இயல்பான ஆப்ஷன்களை இயக்கும் எக்ஸிக்யூட்ஆப்ஷன்ஸில் 12 என்று போட்டாலும், அந்த ஆப்ஷனை நீங்களே அறிவித்திருக்காவிட்டால் சத்தமே இல்லாமல் ஒன்றும் நடக்காது.

சரியான வழி: அளவுக்கென்று ஒரு மேக்ரோ வைத்து அதில் 12 பாயின்ட்டைப் போடுங்கள். 10, 11, 12 மூன்றையும் உங்கள் கிளாஸிலேயே அறிவித்து, ஒவ்வொன்றும் அந்த மேக்ரோவை மட்டும் மாற்றும்படி செய்யுங்கள். பிராசஸ்ஆப்ஷன்ஸ் முடிந்ததும் மேக்ரோவில் இருப்பதை பாஸ்ஆப்ஷன்ஸ்டுகிளாஸால் அனுப்பிவிட்டு ஆர்ட்டிகிளை ஏற்றுங்கள். இப்போது ஆர்ட்டிகிளுக்கு ஒரே ஓர் அளவுதான் போகும், பயனர் கேட்டதும் கிடைக்கும்.

இன்னொன்று, பயனர் தன் ஆவணத்தில் கிளாஸை அழைக்கும் டாக்குமென்ட்கிளாஸ் வரியில் கொடுக்கும் ஆப்ஷன்கள் எல்லாம் குளோபல், பேக்கேஜ்களும் அவற்றைப் பார்க்கும். டிராஃப்ட் என்ற பெயரை உங்கள் வேலைக்காக அறிவித்தால் படங்களைச் சேர்க்கும் கிராஃபிக்ஸ்எக்ஸ் பேக்கேஜும் அதை எடுத்துக்கொண்டு படங்களுக்குப் பதில் வெற்றுப் பெட்டிகளை வரையும். அதே சமயம், நீங்கள் அறிவித்த ஆப்ஷன் தானாக ஆர்ட்டிகிளுக்குப் போகாது, வேண்டுமென்றால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஆகவே சொந்த ஆப்ஷன்களுக்கு வேறு யாரும் வைத்திராத பெயராகப் பாருங்கள்.

டிக்ளேர்ஆப்ஷனுக்குள், பேக்கேஜை ஏற்றும் ரெக்வயர்பேக்கேஜ் கட்டளையைப் போடாதீர்கள், லேடெக் பிழை காட்டும். நியூஇஃப் கட்டளையால் ஆம்/இல்லை என்று காட்டும் ஒரு கொடியை உருவாக்கி, அங்கே அதை மட்டும் ஏற்றிவிட்டு, கிளாஸை ஏற்றிய பிறகு அதைப் பார்த்துப் பேக்கேஜை அழையுங்கள்.

நிறம்=நீலம் மாதிரி மதிப்போடு வரும் ஆப்ஷன்களுக்கு டிக்ளேர்ஆப்ஷன் சரிப்படாது. 2022 ஜூன் லேடெக் வெளியீட்டிலிருந்து அதற்கான டிக்ளேர்கீஸ், பிராசஸ்கீஆப்ஷன்ஸ் கட்டளைகள் இரண்டும் லேடெக்கிலேயே இருக்கின்றன, புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக அதற்கே போய்விடலாம். பயனர்களிடம் அதைவிடப் பழைய லேடெக் இருக்கும் என்றால் மட்டும் கேவிஆப்ஷன்ஸ் பேக்கேஜைப் பயன்படுத்துங்கள்.