அடுத்தவர் கண்ணை நம்பி ஓவர்டேக் எடுக்காதீர்கள்

22 வருடமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். பெரும்பாலும் சென்னை, திருச்சி, மதுரை ரூட். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களை முதல் இரண்டு மூன்று டிரிப்புக்கு ஓனர் என்னோடு அனுப்பிவைப்பார். அவர்கள் ஓட்டுவார்கள், நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் வந்தவன் நல்ல ஓட்டக்காரன். கியர் மாற்றுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் பதமாக இருந்தது. ஆனால் அரியலூர் பக்கம் ஒரு இருவழிச் சாலையில், சிமெண்ட் லாரிக்குப் பின்னால் போகும்போது அவன் செய்த ஒரு காரியம் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவன் வயதில் நான் செய்த அதே காரியம்.

சீட் பெல்ட், செல்போன், குடித்துவிட்டு ஓட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். தப்பு என்றே தெரியாமல் செய்பவைதான் எனக்குக் கவலை.

வலது லேனிலேயே உட்கார்ந்துகொள்வது

நான்குவழிச் சாலையில் ஏறியதும் சென்டர் மீடியனை ஒட்டி வண்டியைப் போட்டுவிட்டு, 80-ல் அப்படியே போய்க்கொண்டிருப்பார்கள். கேட்டால், "லெஃப்ட்ல பைக்கு, டிராக்டர், நின்னுட்டு இருக்கிற லாரின்னு தொல்லைண்ணே" என்பார்கள். தொல்லைதான், மறுக்கவில்லை. இடது லேன் பல இடங்களில் லோடு லாரி ஓடி ஓடி பள்ளமாகவும் கிடக்கிறது. ஆனாலும் வலது லேன் முந்துவதற்கான லேன். முந்தி முடித்ததும் இடது பக்கம் வந்துவிட வேண்டும்.

எப்போது வருவது? உள்ளே இருக்கும் நடுக் கண்ணாடியில், தாண்டி வந்த வண்டியின் முன்பக்கம் முழுசாகத் தெரிந்த பிறகு. இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது குவிந்த கண்ணாடி, பக்கத்தில் இருப்பதைத் தூரமாகக் காட்டும்.

முன்னால் போனவன் பின்னாலேயே போவது

இதுதான் அந்தக் காரியம். முன்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் நீங்கள். அந்தக் கார் வலது பக்கம் ஏறி லாரியை முந்துகிறது. 'அவன் போகிறான் என்றால் எதிரே காலியாகத்தான் இருக்கும்' என்று நீங்களும் ஒட்டிக்கொண்டே ஏறுகிறீர்கள். எதிரே என்ன வருகிறது என்று நீங்கள் பார்க்கவே இல்லை. அவன் பார்த்தது அவன் ஒரு வண்டிக்கு உண்டான இடத்தை மட்டும்தான்.

2005-ல், உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எனக்கு இது நடந்தது. அப்போது அந்த ரோடு இருவழிதான், ஓரத்தில் புளியமரங்கள். முன்னால் வைக்கோல் லாரி. வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்ததால் எதிரே ஒன்றுமே தெரியவில்லை. நடுவில் ஒரு வேன். வேன்காரர் ஏறினார், நானும் ஏறினேன். வேன் லாரியைத் தாண்டி இடது பக்கம் நுழைந்ததும் எனக்கு நேரே ஒரு பஸ். பிரேக்கை அமுக்கி, பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால் அந்த இடம் இல்லை. எனக்குப் பின்னால் வந்த இன்னொரு லாரி அதற்குள் முன்னேறி அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் வலது பக்க மண்ணில் இறக்கினேன். புளியமரத்தில் வண்டியின் பக்கவாட்டு உரசி நின்றது. பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவர் பேத்தியின் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். வண்டி ரிப்பேருக்கு என் சம்பளத்தில் ஏழு மாதம் பிடித்தார்கள். பணம் போனது மறந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை.

இதில் மூன்று விஷயம் சேர்ந்து வேலை செய்கிறது. முதல் வண்டிக்கு நுழைய இடம் இருந்தால் இரண்டாவதுக்கும் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் விட்டு வந்த இடத்தைப் பின்னால் இருப்பவர் உடனே நிரப்பிவிடுவார். எதிரே வருபவரோ, முதல் வண்டி ஒதுங்கியதும் 'சரி, முடிந்தது' என்று மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிப்பார். வேனுக்குப் பின்னால் மறைந்து வந்த உங்களை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். லாரி 60-ல் போகிறது, நீங்கள் 80-ல். வித்தியாசம் விநாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். 30 மீட்டர் பின்னால் இருந்து கிளம்பி, 12 மீட்டர் லாரியைத் தாண்டி, 30 மீட்டர் விட்டு முன்னால் நுழைய ஏறக்குறைய 14 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 300 மீட்டர் ஓடியிருப்பீர்கள், எதிரே 80-ல் வரும் பஸ்ஸும் 300 மீட்டர் வந்திருக்கும். ஆக, ஏறும்போதே 600 மீட்டருக்கு மேல் காலி ரோடு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் போகிறவரின் டிக்கியைப் பார்த்துக்கொண்டு ஏறினால் இதில் எத்தனை மீட்டர் தெரியும்?

லாரிக்காரர் போடும் இண்டிகேட்டரை நம்பி ஏறுவதும் இதே தப்புதான். வலது இண்டிகேட்டர் போட்டால் ஒருவர் 'வராதே, எதிரே வண்டி' என்கிறார், இன்னொருவர் 'இந்தப் பக்கமாக ஏறிப் போ' என்கிறார், மூன்றாமவர் நிஜமாகவே வலது பக்கம் திரும்பப் போகிறார். ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம். கிளீனர் கையை ஆட்டினாலும் அப்படித்தான். அவர் நல்ல மனசோடுதான் ஆட்டுவார், ஆனால் உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நான்குவழிச் சாலையில் இது வேறு வேஷத்தில் வரும். வலது லேனில் முன்னால் போகும் காரை ஒட்டியே போவீர்கள். அவர் திடீரென்று இடது பக்கம் ஒடித்துப் போய்விடுவார். அவர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், யூ டர்ன் தூரம் என்று மீடியனை ஒட்டி ராங் சைடில் வரும் ஒரு பைக். அவருக்கு ஒடிக்க நேரம் இருந்தது, உங்களுக்கு இருக்காது.

வழி ஒன்றுதான்: பின்வாங்குங்கள். புதியவர்கள் லாரியின் பின்புறத்தை முட்டுகிற மாதிரி நெருங்கிப் போய், அங்கிருந்து தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். நெருங்க நெருங்க லாரி ரோட்டை மறைக்கும். மூன்று விநாடி இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள், ரோடு திறந்துகொள்ளும். இடது பக்கம் வளைகிற ரோட்டில் லாரியின் இடப்பக்கமாகவே தூரத்து வண்டிகள் தெரியும். முன்னால் இருப்பவர் ஏறினால் அவர் முழுசாக முந்தி முடிக்கட்டும். அப்புறம் நீங்களே பார்த்து, கியரை இறக்கி, இழுவை வந்த பிறகு ஏறுங்கள். இந்தக் காத்திருப்புக்கு அரை நிமிடம் கூட ஆகாது.

அரியலூரில் அந்தப் பையனிடம், "ஏன்பா ஏறினே, என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "முன்னாடி போனாருண்ணே" என்றான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இருவரும் இறங்கி டீ குடித்தோம். பஸ் கதையை அவனுக்கு அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

உங்களை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவது

கூட்டக் கூடாது. விதியிலேயே இருக்கிறது.

எதிர் வண்டி லைட் அடித்தால் 'போ' என்று எடுத்துக்கொள்வது

நம் ஊரில் பெரும்பாலும் அதற்கு 'நான் வருகிறேன், நில்' என்றுதான் அர்த்தம்.

மழையில் நான்கு இண்டிகேட்டரும் போட்டு ஓட்டுவது

லேன் மாறப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். ஹெட்லைட்டை லோ பீமில் போட்டால் போதும்.

இறக்கத்தில் லாரிக்கு முன்னால் நுழைந்து பிரேக் பிடிப்பது

தருமபுரியில் இருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். லோடு லாரி இறக்கத்தில் நம் கார் மாதிரி நிற்காது. பிரேக் சூடாகிப் பிடிக்காமலும் போகும். அங்கே லாரியை முந்தினால் நன்றாகத் தள்ளிப் போன பிறகே அதன் லேனுக்கு வாருங்கள், வந்ததும் பிரேக்கில் கால் வைக்காதீர்கள். அவ்வளவு இடம் கிடைக்காது என்று தோன்றினால், இறக்கம் முடிகிற வரை லாரிக்குப் பின்னாலேயே வாருங்கள்.