குர்சுரா நீர்மூழ்கியைப் பார்க்கப் போகிறீர்களா?

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி வைத்திருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவுக்கு வாரநாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். திங்கள் விடுமுறை. 91 மீட்டர் நீளம் இருந்தாலும் உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். முன்னால் ஒரு குடும்பம் செல்ஃபிக்கு நின்றால் பின்னால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுக் கைப்பிடிகளில் வார் சிக்கும். கூட்டமில்லாவிட்டால் நீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டுகளை ஏவும் குழாய்களை (முன்னால் 6, பின்னால் 4) நிதானமாகப் பார்க்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் இந்த யோசனை பலிக்காது, எப்போது போனாலும் கூட்டம்தான். முட்டிவலிக்காரர்களுக்கும் இடுக்கில் மூச்சுமுட்டுபவர்களுக்கும் எந்த நேரமும் சரிவராது, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.