வெளியில் நிற்கும் ஜெனரேட்டர் பேட்டரிக்கு மழை தாங்கும் மெயின்டெய்னர்: தேர்வும் இணைப்பும்

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே ஒரு டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. மாதத்தில் ஓரிரு முறையே ஓடுவதால், மின்சாரம் போன நேரத்தில் செல்ஃப் எடுக்காமல் இரண்டு பேட்டரிகள் அடுத்தடுத்துப் பாழாயின. மூன்றாவதை வாங்கியபோதுதான், மாட்டியே வைத்துப் பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சிறிய சார்ஜரான மெயின்டெய்னரும் வாங்கினேன்.

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளது. 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதை மெயின்டெய்னரால் மீட்க முடியும் என்று நம்ப வேண்டாம்.

நிறைந்தபின் தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்கும் கருவியையே வாங்குங்கள். 14.4 வோல்ட்டிலேயே நிற்கும் சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் தண்ணீர் வற்றிவிடும். வெயிலுக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். மின்சாரம் போய் வந்தபின், பொத்தானைத் தொடாமலே அது மீண்டும் இயங்குகிறதா என்று கடையிலேயே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

நான் தவறியது மழைக்காப்பில்தான். ஐபி 65 என்று பொறித்திருந்தால் தூசியும், எத்திசையிலிருந்து பீய்ச்சும் நீரும் உள்ளே போகாது. ஆனால் அந்த எண் பெட்டிக்கு மட்டுமே உரியது. ப்ளக்குக்கும் உப்புக்காற்றின் அரிப்புக்கும் அது பொறுப்பேற்காது. முதல் ஐப்பசி மழையிலேயே கருவியின் விளக்கு அணைந்துவிட, ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: மூன்று பித்தளைக் கால்களிலும் பச்சைக் களிம்பு, சாக்கெட்டின் ஒரு துளை கருகி இருந்தது. ஒயர் மேலிருந்து நேராக இறங்கியதால், அதன் வழியே வழிந்த மழைநீர் முழுவதும் சாக்கெட்டுக்குள் போயிருக்கிறது. இப்போது மூடியுள்ள வெளிப்புற சாக்கெட்டைச் சுவரில் உயரமாகப் பொருத்தி, ஒயர் முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறும்படி விட்டிருக்கிறேன். வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடுகிறது. அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்.

பேட்டரி முனையைக் கவ்வும் கிளிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜின் அதிர்வில் அது தளர்ந்துவிடும். ஃபியூஸ் உள்ள ஒயரின் முனையில் இருக்கும் வளைய லக்குகளைப் பேட்டரி போல்ட்டில் முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். சுவிட்சை அணைத்த நிலையில் சிவப்பை பிளஸ்ஸிலும் பிறகு கறுப்பை மைனஸிலும் மாட்டிய பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜன் வெளியேறுமாதலால் பேட்டரியைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு பேட்டரிகளுக்கும் இதே கருவி போதுமா என்று கேட்டார். அவருடையது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு. அதன் இரு முனைகளிலும் 12 வோல்ட் கருவியை மாட்டக் கூடாது. இணைப்பைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி போடலாம், அல்லது 24 வோல்ட் கருவி வாங்கலாம். லித்தியம் பேட்டரி என்றால் லித்தியத்துக்கான நிலை உள்ள கருவி தவிர வேறெதையும் மாட்ட வேண்டாம்.