86 எம்பி கும்பாபிஷேக மலர்: பெரிய பிடிஎஃப்பை இளைக்க வைப்பது எப்படி?

எங்கள் குலதெய்வக் கோயில் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு 48 பக்கத்தில் மலர் போட்டோம். பக்க அமைப்பு வேலை என் தலையில். புத்தகம் அச்சாகி வந்ததும், ஊருக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டுமே என்று அதே பிடிஎஃப்பைக் கோயிலின் இணையப் பக்கத்தில் ஏற்றி, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் பெரியப்பா தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். "ஏங் கண்ணு, நீ அனுப்புனது சுத்தீட்டே இருக்குது, தொறக்க மாட்டேங்குதே."

பார்த்தால் கோப்பு 86 எம்பி. தோட்டத்துச் சாளையில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம்.

வாட்ஸ்அப் 2022 முதல் 2 ஜிபி வரை கோப்பு அனுப்ப விடுகிறது. அதனால் அனுப்புகிறவருக்குப் பிரச்சினையே தெரிவதில்லை. வாங்குகிறவர் பாடுதான் திண்டாட்டம். ஜிமெயிலில் எல்லை 25 எம்பி. மின்னஞ்சலில் போகும்போது இணைப்புக் கோப்பு மூன்றில் ஒரு பங்கு ஊதிக்கொள்ளும் என்பதால், 18 எம்பிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் போட என் கணக்கு 10 எம்பிக்குள்.

முதலில் ஒன்று. ஜிப் செய்து பார்க்காதீர்கள். பிடிஎஃப்புக்குள் இருக்கும் போட்டோக்கள் ஏற்கெனவே ஜேபெக் முறையில் சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிகிற கதைதான்.

படி 1: நகல் எடுங்கள்

மூலக் கோப்பைத் தொடாமல், 'இணையம்' என்று பெயர் சேர்த்து ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சுருக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். இன்னும் ஐம்பது பத்திரிகை வேண்டும் என்று கேட்டபோது கையில் இருந்தது மங்கலான கோப்பு மட்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்பச் செய்தேன்.

படி 2: எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சுருக்கும் பொத்தானை அமுக்குவதற்கு முன் இதைச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 48 பக்கம் தட்டச்சு எழுத்து மட்டும் என்றால் ஒரு எம்பிகூடத் தேறாது. எடை எல்லாம் படங்களில்தான்.

எங்கள் மலரில் நன்கொடையாளர்கள் 25 பேரின் படம், பாஸ்போர்ட் அளவில். பார்வைக்குச் சின்னதுதான். ஆனால் ஒவ்வொன்றும் செல்போனில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படம், சுமார் 3 எம்பி. அச்சுக்குப் போகிறதே என்று படக் குறைப்பை நானே அணைத்து வைத்திருந்தேன். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படத்துக்கு, 150 டிபிஐ கணக்கில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் வீதம், 207க்கு 266 பிக்சல் போதும். தேவையைப் போல இருநூறு மடங்குக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது என் கோப்பு!

இன்னொரு ரகம் ஸ்கேன் செய்த பக்கம். ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல். 150 டிபிஐ என்றால் அதில் கால் பங்குதான், பாதி இல்லை. நீளம், அகலம் இரண்டும் குறைகிறது அல்லவா?

படி 3: மூல ஆவணம் இருந்தால் அங்கேயே குறையுங்கள்

வேர்டில் ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்கினால், மேலே பிக்சர் ஃபார்மட் பகுதியில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' இருக்கும். அதில் 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். வெட்டிய பகுதிகளை நீக்கும் டிக் இருக்கட்டும். நாம் ஓரத்தில் வெட்டிய பாகத்தை வேர்டு மறைத்துத்தான் வைக்கும். படம் முழுசாக உள்ளேயே கிடக்கும். அப்புறம் 150 பிபிஐ (டிபிஐ மாதிரியேதான், பெயர்தான் வேறு) கொண்ட 'வெப்' அளவைத் தேர்ந்தெடுத்து, பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது 'மினிமம் சைஸ்' கொடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் என்றால், 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' பெட்டியில் ஜேபெக் தரம் 90, படத் தெளிவு 300 டிபிஐ என்று இருக்கும். 75, 150 என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்.

இந்த ஒரு படியில் என் மலர் 86இலிருந்து 6 எம்பிக்கு வந்துவிட்டது.

படி 4: பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கிறதா?

ஐலவ்பிடிஎஃப், ஸ்மால்பிடிஎஃப் மாதிரித் தளங்களில் ஏற்றிச் சுருக்கி இறக்கிக்கொள்ளலாம். ஐலவ்பிடிஎஃப்பில் மூன்று அளவு உண்டு. நடுவில் இருப்பதை முதலில் முயன்று பாருங்கள். கோயில் மலர், துணிக் கடை கேட்டலாக் மாதிரி ஊருக்கே காட்டுகிற கோப்புக்கு இது சரி. கிரையப் பத்திரம், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அடுத்தவர் சர்வருக்குப் போக வேண்டாம். அவற்றுக்கு விண்டோஸில் பிடிஎஃப்24 கிரியேட்டரை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், நெட் இல்லாமலே நம் கணினிக்குள் வேலை செய்யும். டிபிஐ, படத் தரம் இரண்டையும் நாமே மாற்றலாம்.

படி 5: மெய்யெழுத்துப் புள்ளியைப் பாருங்கள்

தமிழுக்கென்றே உள்ள சிக்கல் இது. ஸ்கேன் பக்கத்தை அதிகம் சுருக்கினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி. 'பட்டம்' 'படடம்' ஆகிவிடும். ஆகவே ஸ்கேன் பக்கங்களை 150 டிபிஐக்குக் கீழே இறக்காதீர்கள். எழுத்து பொடியாக இருந்தால் 200 வையுங்கள். அதிலும் எடை கூடுதலாக இருந்தால், வண்ணத்தைச் சாம்பல் நிறத்துக்கு (கிரேஸ்கேல்) மாற்றிப் பாருங்கள். முத்திரையின் நிறம் தெரிய வேண்டிய பத்திரமாக இருந்தால் மட்டும் வண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் இன்னொரு கவனம். எடையைக் குறைக்கிறேன் என்று எழுத்துருவைக் கழற்றிவிட்டால், அடுத்தவர் போனில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். அக்ரோபாட் ரீடரில் கோப்பின் ப்ராபர்டீஸைத் திறந்து, ஃபான்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

படி 6: இணையத்துக்கு ஏற்றுமுன்

அதே ப்ராபர்டீஸில் 'ஃபாஸ்ட் வெப் வியூ' என்று ஒரு வரி இருக்கும். அது 'எஸ்' என்றிருந்தால் முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்காமல் முதல் பக்கம் திறந்துகொள்ளும். சர்வரும் ஒத்துழைத்தால் நடுவில் உள்ள பக்கத்துக்கும் தாவலாம். 'நோ' என்றால் பிடிஎஃப்24இல் இணையத்துக்கு ஏற்றபடி மாற்றும் கருவி உண்டு. இதைக் கடைசியாகச் செய்யுங்கள், பிறகு திருத்திச் சேமித்தால் போய்விடும்.

கோப்பின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழில் வைத்தால், முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீண்டுவிடும்.

ஏற்றியதும் வீட்டு வைஃபையை அணைத்து, செல்போன் டேட்டாவில் நீங்களே திறந்து பாருங்கள். நான் பெரியப்பாவுக்கே போன் போட்டேன். "தொறந்துருச்சு கண்ணு," என்றார். "என்ற போட்டோ எத்தனாவது பக்கத்துல இருக்குது?"