லூகர் கைத்துப்பாக்கியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? (42 என்ற எண்ணை நம்பி நான் ஏமாந்த கதையுடன்)

நான் வசிக்கும் அமெரிக்க ஊரில், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் பழைய செருப்புப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய அப்பா 1945-ல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த லூகர் கைத்துப்பாக்கி. எந்த ஆண்டில் செய்தது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மேற்புறத்தில் 'எஸ்/42' என்று பொறித்திருந்தது. "1942" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். ஏழு ஆண்டு தவறு. அவரும் அதை நம்பி மூன்று வாரம் உறவினர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படி 1: காலியாக இருக்கிறதா?

பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினைக் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். குழலின் பின்னால் இருக்கும் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பின்பக்கக் குமிழ்கள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பின்னால் இழுத்து, அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். விசையில் விரல் போகவே கூடாது. உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் பழகியவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கருவிகள்

பத்து மடங்கு உருப்பெருக்கியும் சிறிய டார்ச் விளக்கும் போதும். விளக்கை மேலிருந்து அடித்தால் எஃகு பளபளக்குமே தவிர எழுத்து தெரியாது. பக்கவாட்டில், இரும்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்துபோன முத்திரைகூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நல்ல வழி.

மெருகுப் பசை, கம்பி நார், உப்புத்தாள் மூன்றையும் வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். கார்த்திகைக்குக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் இதைத் தேய்த்தால் முத்திரையும் போகும், விலையும் போகும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி மட்டுமே என் கட்சி.

படி 3: யார் செய்தது?

'லூகர்' என்ற பெயரைத் தேடாதீர்கள், ஜெர்மன் ராணுவத் துப்பாக்கிகளில் அது இருக்காது. ராணுவம் 1908-ல் ஏற்றதால் அங்கே இதன் பெயர் பி.08. அதை வடிவமைத்த கியோர்க் லூகரின் பெயரைப் பரப்பியது வெளியுலகம்தான்.

சுடும்போது முழங்கால்போல் மடங்கி எழும் பகுதியின் முன்துண்டைப் பாருங்கள். சிக்குக் கோலம்போல் பின்னிய எழுத்துகள் இருந்தால் பெர்லினின் டிடபிள்யூஎம் நிறுவனம். கிரீடமும் 'எர்ஃபுர்ட்' என்ற சொல்லும் இருந்தால் அந்நகரின் அரசு ஆயுதசாலை. நங்கூரம் இருந்தால் விமானப்படைக்குச் செய்துகொடுத்த கிரிகாஃப். சூல் நகரத்துச் சிம்சன் நிறுவனத்தின் பெயரும் அபூர்வமாகக் கிடைக்கும். அதை நடத்திய யூதக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் ஆலையையே பறித்துக்கொண்டார்கள்.

பெயருக்குப் பதில் 'எஸ்/42', '42' போன்ற குறியோ, 'பிஒய்எஃப்' என்ற மூன்று எழுத்தோ இருந்தால் அது மவுசர் நிறுவனம். என் கால் வழுக்கிய இடமும் அதுதான்.

படி 4: எந்த ஆண்டு?

ஆண்டு இருப்பது அறையின் மேற்புறத்தில், அதாவது முழங்கால் பகுதிக்குச் சற்று முன்னால். முதல் உலகப் போர்க் காலத் துப்பாக்கி என்றால் 1916, 1917 என்று நான்கு இலக்கமும் நேராகவே இருக்கும். சிரமமில்லை.

மவுசர்தான் படுத்தும். முதல் போரில் தோற்ற ஜெர்மனியின் ஆயுத உற்பத்திக்கு வெர்சாய் ஒப்பந்தம் கடிவாளம் போட்டிருந்தது. ஆகவே 1934-ல் மவுசர் ராணுவத்துக்குச் செய்யத் தொடங்கியபோது செய்தவர் பெயர், ஆண்டு இரண்டையும் மறைத்தார்கள். 'எஸ்/42' என்பது மவுசருக்குக் கொடுத்த ரகசியக் குறி. அறையின் மேல் 'கே' என்ற எழுத்து இருந்தால் 1934, 'ஜி' இருந்தால் 1935. ஹிட்லர் 1935 மார்ச்சில் படைபெருக்கத்தை வெளிப்படையாகவே அறிவித்துவிட்டதால், 1936-லிருந்து ஆண்டு முழுதாக வந்துவிட்டது. ஆலையின் குறி மட்டும் தொடர்ந்தது.

1939-ல் 'எஸ்' உதிர்ந்து வெறும் '42' ஆனது. 1941-ல் அந்தக் குறியும் போய் 'பிஒய்எஃப்' வந்தது. அதே சமயம் அறையின் மேலிருந்த ஆண்டும் '41', '42' என்று இரண்டு இலக்கமாகச் சுருங்கியது. ஆக, முழங்கால் பகுதியின் மேல் 42 இருந்தால் அது ஆலை, அறையின் மேல் 42 இருந்தால் அது ஆண்டு. எண்ணைப் படிக்கும் முன் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரியவரின் துப்பாக்கியில் அறையின் மேல் ஒற்றை 'ஜி' இருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப்போயிருந்தேன்.

பிறகு ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரியும் அதை 1942 என்றே விலை பேசினார். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

படி 5: வரிசை எண்

சட்டகத்தின் முன்புறம், குழலுக்குக் கீழே பாருங்கள். 1-லிருந்து 10,000 வரை எழுத்தில்லாமல் போகும். அடுத்த பத்தாயிரத்துக்கு 'ஏ', அதற்கடுத்ததற்கு 'பி' என்று சிறிய சாய்வெழுத்து சேரும். புத்தாண்டு பிறந்தால் மறுபடி 1. உதாரணமாக 1917-ம் ஆண்டு டிடபிள்யூஎம் துப்பாக்கியில் '6042 சி' என்றிருந்தால், அந்த ஆண்டின் வரிசையில் அது 36,042-வது. அதனால்தான் வரிசை எண்ணை மட்டும் அனுப்பி வயது கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எழுத்தும் ஆண்டும் ஆலையும் சேர்ந்து வரவேண்டும்.

ராணுவத் துப்பாக்கிகளின் சிறு பாகங்களில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் பாகங்கள் பிறந்ததிலிருந்து பிரியாதவை என்று நம்ப இடமுண்டு. ஒன்று மாறினாலும் சேகரிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

படி 6: சோதனை முத்திரைகள்

கிரீடத்தின் கீழ் எழுத்துகள் என்றால் கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், காலத்து ஆய்வாளர்களின் முத்திரை. கழுகின் கீழ் 63 என்றால் 1930-களின் மவுசர் ராணுவத் துப்பாக்கி. கிரீடத்தின் கீழ் 'என்' என்பது வணிக விற்பனைக்கான வெடிமருந்துச் சோதனை. 1940-ல் அதில் கிரீடம் போய்க் கழுகு வந்தது.

பின்சேர்க்கை 1: "என்னுடையது 58-ம் மாடல்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படி மாடல் கிடையாது. படி 5-ல் சொன்ன கடைசி இரண்டு இலக்கம்தான் அது. இன்னொருவர் 'கெசிஷெர்ட்' எந்த ஊர் நிறுவனம் என்று கேட்டார். பாதுகாப்பு நெம்புகோல் பூட்டிய நிலையில் தெரியும் ஜெர்மன் சொல் அது. பூட்டியாயிற்று என்று பொருள். தோட்டா இருக்கும்போது மேலே எழும் கொக்கியின் பக்கத்தில் தெரியும் 'கெலாடன்' என்பதும் அப்படித்தான், நிரப்பியாயிற்று என்று பொருள்.

பின்சேர்க்கை 2: அறையின் மேல் 1917, அதற்கு மேலே 1920 என்று இரண்டு ஆண்டுகள் இருந்தால் எதை எடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1917-தான். 1920 என்பது போருக்குப் பின் அரசின் உடைமை என்று காட்ட அடித்த முத்திரை. உருப்பெருக்கியில் பாருங்கள். இரண்டு எண்களின் எழுத்துருவும் பெரும்பாலும் வேறாக இருக்கும்.