நாலாவது டவுன்: உதைப்பதா, துணிவதா?

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள் திணறுகிற இடம் இதுதான். மூன்று முறை முட்டி மோதியும் பத்து யார்டு தேறவில்லை. இன்னும் இரண்டு யார்டு பாக்கி. கோச் கையிலிருக்கும் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் ஏதோ சொல்கிறார், அரங்கமே கத்துகிறது. அந்தச் சில நொடிகளில் அவர் போடுகிற கணக்கை சோபாவில் உட்கார்ந்தபடி நாமும் போடலாம். கூட்டலும் கொஞ்சம் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் விதி. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு கிடைக்கும். நாலாவதிலும் முடியாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணி கைக்குப் போய்விடும். அதனால் நாலாவது டவுனில் மூன்று வழிகள் உண்டு: பண்ட் உதைத்துப் பந்தைத் தூரத் தள்ளிவிடுவது, ஃபீல்ட் கோல், அதாவது கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து, 3 புள்ளி எடுப்பது, இல்லையென்றால் துணிந்து ஆடிப் பார்ப்பது.

முதல் படி: எங்கே நிற்கிறோம்?

எதிரணியின் கோல் கோட்டுக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். அதோடு 17ஐக் கூட்டினால் ஃபீல்ட் கோலின் தூரம் வந்துவிடும். கோல் கம்பம், கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஜோன் என்ற பகுதியின் பின்கோட்டில் நிற்பதால் 10 யார்டு, பந்தை ஏழெட்டு யார்டு பின்னால் வைத்து உதைப்பதால் மீதி.

பந்து எதிரணியின் 37ஆவது யார்டில் இருக்கிறது என்று வையுங்கள். ஃபீல்ட் கோல் என்றால் 54 யார்டு. நல்ல கிக்கருக்கே சோதனைதான். தவறினால் பந்து உதைத்த இடத்திலிருந்து, அதாவது இன்னும் ஏழு யார்டு நமக்குப் பாதகமாக, எதிரணிக்குப் போகும். சரி, பண்ட்? பந்து உருண்டு எண்ட் ஜோனுக்குள் போனால் 20ஆவது யார்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பந்தையே தாரை வார்த்துவிட்டு நாம் சம்பாதித்தது வெறும் 17 யார்டு! இந்த இடத்தில் நாலாவது டவுனுக்கு இரண்டு யார்டுதான் வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொல்வேன்.

இரண்டாம் படி: எத்தனை யார்டு பாக்கி?

ஒரே ஒரு யார்டு என்றால் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை எடுத்துவிடுகின்றன. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து ஆட்கள் சேர்ந்து தள்ளுகிற பிலடெல்பியா ஈகிள்ஸ் மாதிரி அணிக்கு ஒரு யார்டு என்பது கணக்கிலேயே இல்லை. பத்து யார்டு பாக்கி என்றால் யோசிக்கவே வேண்டாம், பெரும்பாலும் உதைதான்.

மூன்றாம் படி: தவறினால் என்ன ஆகும்?

நான் ஆரம்பத்தில் ரொம்ப நாள் தப்பாகப் பார்த்தது இதைத்தான். தவறினால் எல்லாமே போய்விடும் என்று நினைத்திருந்தேன். பண்ட் உதைத்தாலும் பந்து எதிரணிக்குத்தான் போகிறது. ஆகவே இழப்பு என்பது நாம் தவறிய இடத்துக்கும் பண்ட் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவே உள்ள யார்டு மட்டும்தான்.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கம், நாலாவது டவுன், கோல் கோட்டுக்கு இரண்டு யார்டு. ஃபீல்ட் கோல் உதைத்தால் 3 புள்ளி கிட்டத்தட்ட உறுதி. பந்தை எண்ட் ஜோனுக்குள் கொண்டுபோய் டச் டவுன் அடித்தால் கூடுதல் உதையும் சேர்த்து 7 புள்ளி, ஆனால் ஏழு முறையில் மூன்று முறைதான் கைகூடும். ஏழில் மூன்று பங்கை 7ஆல் பெருக்கினால் அதுவும் 3. இரண்டும் சமம் போலத் தெரிகிறது. ஆனால் ஃபீல்ட் கோலுக்குப் பிறகு கிக்காஃப் உதைத்துப் பந்தை எதிரணியிடம் கொடுக்க வேண்டும், எதிரணி வசதியான இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். டச் டவுன் முயற்சி தவறினால், தன் கோல் கோட்டுக்கு இரண்டே யார்டு தள்ளி, முதுகு சுவரில் இடிக்கிற மாதிரி அது தொடங்க வேண்டும். அதனால் தராசு துணிவின் பக்கம் சாய்கிறது.

நான்காம் படி: ஸ்கோரும் கடிகாரமும்

கடைசிக் கட்டத்தில் புள்ளியைவிட வெற்றி வாய்ப்பைத்தான் எண்ண வேண்டும். 2009 நவம்பர் 15, இண்டியானாபொலிஸ். நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸ் 34-28 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய 2 நிமிடம் 8 நொடி. நாலாவது டவுன், இரண்டு யார்டு பாக்கி, பந்து தங்களுடைய சொந்த 28ஆவது யார்டில். யாராக இருந்தாலும் பண்ட் உதைப்பார்கள். கோச் பில் பெலிசிக் ஆடச் சொன்னார். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த பந்தை கெவின் ஃபாக் பிடித்தும் தேவையான இரண்டு யார்டுக்குச் சற்று முன்னாலேயே மடக்கப்பட்டார். எதிரணியான இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் பந்தை வாங்கி டச் டவுன் அடிக்க, கோல்ட்ஸ் 35-34 என்று ஜெயித்தது. பெலிசிக்கை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். எண்கள் என் ஊகம்தான், உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுப் பாருங்கள். இரண்டு யார்டு எடுக்கப் பத்தில் ஆறு வாய்ப்பு, எடுத்துவிட்டால் ஆட்டம் நமக்கு. தவறினால் மேனிங் 29 யார்டிலிருந்து டச் டவுன் அடிக்கவும் பத்தில் ஆறு. ஆக, துணிந்து ஆடினால் தோற்பது நூற்றில் 24 தடவை. பண்ட் உதைத்தால் அவர் 70 யார்டு வர வேண்டும், அதற்குப் பத்தில் மூன்று என்று வைத்தாலும் தோல்வி நூற்றில் 30. வறுத்தெடுத்தவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2024 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ் கோச் டேன் கேம்பெல் 14 புள்ளி முன்னிலையில் இருந்தபோது, எதிரணியின் 28ஆவது யார்டில் இதேபோல் துணிந்தார். எறிந்த பந்தை ஜோஷ் ரெனால்ட்ஸ் கைநழுவ விட்டார். கடைசியில் சான் பிரான்சிஸ்கோ 34-31 என்று வென்றது. சரியாக 3 புள்ளி வித்தியாசம் என்பதால், அப்போதே ஃபீல்ட் கோல் உதைத்திருக்கலாமே என்று எல்லாரும் மேதாவி ஆகிவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, மூன்றாவது டவுன் முடிந்ததும் இந்த நாலு படியையும் ஓட்டிப் பார்த்து உங்கள் முடிவைப் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். பந்து கிளம்பிய பிறகு சொன்னால் கணக்கில் சேராது.